குளோரீன் எட்டாத இடங்கள்

கேள்வி இது: "எங்கட வீடு மட்டக்களப்பு கல்லடியில. உன்னிச்சைக் குளத்துத் தண்ணிதான் குழாயில வருது, மேல்தாங்கியில ஏத்திப் பாவிக்கிறம். குளோரீன் போட்டாலும் சாகாத பற்றீரியா நகரத்துக் குழாய்த் தண்ணியில இருக்குது எண்டு வாசிச்சன். அப்ப இந்தக் குளோரீன் மணமெல்லாம் சும்மாவா? இன்னும் கூடப் போடச் சொல்லிச் சபைக்கு எழுத வேணுமா, இல்லாட்டி நல்ல பில்டர் ஒண்டு வாங்கிறதா? அம்மாவுக்கு 72 வயது. தொய்வு வருத்தம், நெபுலைசர் பிடிக்கிறவ."

அப்படிப்பட்ட பற்றீரியா இருப்பது உண்மை. ஆனால் அதற்காகக் குளோரீன் வீண் என்று நினைக்க வேண்டாம். இப்போது பில்டரும் வாங்க வேண்டாம், கூடப் போடச் சொல்லி நீர் வழங்கல் சபைக்குக் கடிதமும் எழுத வேண்டாம். முதலில் உங்கள் மேல்தாங்கியின் மூடியைத் திறந்து உட்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். விரல் வழுக்கினால், நீங்கள் வாசித்த பற்றீரியாவின் வீடு அங்கேதான் இருக்கிறது.

"சாகாது" என்ற சொல்லை முதலில் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். குளோரீன் எந்தக் கிருமியையும் தொட்டவுடன் கொல்வதில்லை. ஒரு லீற்றரில் எத்தனை மில்லிகிராம் குளோரீன் இருக்கிறது, அது எத்தனை நிமிடம் கிருமியோடு சேர்ந்து நிற்கிறது, இந்த இரண்டையும் பெருக்கி வரும் எண்தான் கணக்கு. வயிற்றோட்டக் கிருமிகளுக்கு அடையாளமாக எடுக்கப்படும் ஈ.கோலை ஆயிரத்தில் 999 சாக, அந்த எண் 0.1 அளவுக்கு வந்தாலே போதும். குழாய்நீரில் 0.3 மில்லிகிராம் மீதிக் குளோரீன் இருந்தால் அதற்கு 20 விநாடி போதும். மைக்கோபக்டீரியம் ஏவியம் என்ற பற்றீரியாவுக்கு அதே 999 சாக, அதன் வகைக்கு வகை 51 முதல் 204 வரை தேவைப்படுகிறது என்று 2000ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்று அளந்து காட்டியது. அதே 0.3 மில்லிகிராமில் இதற்கு ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் முதல் பதினொன்றரை மணித்தியாலம் வரை செல்லும். ஆகவே அது குளோரீனுக்குச் சாகாத கிருமி அல்ல, மிக மெதுவாகச் சாகும் கிருமி. ஆய்வுகூடத்தில் தனித்தனியாக மிதக்கவிட்ட கலங்களுக்கு வந்த எண்கள் இவை என்பதையும் நினைவில் வையுங்கள். வழுவழுப்புக்குள் ஒளிந்திருக்கும்போது கணக்கு வேறு.

இந்தப் பற்றீரியா காசநோய்க் கிருமியின் சொந்தக்காரன். ஆனால் காசநோயைப் போல ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றுவது வழக்கமல்ல. மண்ணிலும் நீரிலும் இயல்பாக வாழ்வது. அதன் உடம்பைச் சுற்றி மெழுகு போன்ற கொழுப்புப் படை இருக்கிறது. குளோரீன் அதைத் துளைத்துப் போகத்தான் அவ்வளவு நேரம் எடுக்கிறது. குளோரீன் போட்டுப் போட்டு இந்தக் கவசத்தை நாம்தான் வளர்த்துவிட்டோம் என்று சிலர் எழுதுவது தவறு. குளோரீன் கண்டுபிடிக்கப்படுவதற்கு வெகுகாலம் முன்பே அதற்குக் கவசம் இருந்தது. குளோரீன் செய்வது ஒன்றுதான்: பலவீனமான மற்றக் கிருமிகளை அழித்துவிட்டு, இதற்குப் போட்டியில்லாத இடத்தை விட்டுவைக்கிறது.

லெஜியனெல்லா வேறு வழியில் தப்புகிறது. 1976இல் பிலடெல்பியாவில் நடந்த ஒரு மாநாட்டில் நியூமோனியாவைப் பரப்பிப் பெயர் பெற்ற கிருமி இது. நீரில் வாழும் அமீபாக்கள் பற்றீரியாவை விழுங்கி உண்பவை. லெஜியனெல்லாவை விழுங்கினால் அது செரிக்காமல் உள்ளேயே பெருகுகிறது. நிலைமை மோசமானால் அமீபா தன்னைச் சுற்றித் தடித்த ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் இருந்த லெஜியனெல்லா, லீற்றருக்கு 50 மில்லிகிராம் குளோரீனையும் தாங்கியதாகச் சோதனையில் கண்டிருக்கிறார்கள். குடிநீரில் இருக்க வேண்டியதைப் போல நூறு மடங்குக்கும் மேல் அது.

இன்னொன்று பற்றீரியாவே அல்ல, ஆனாலும் சொல்ல வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்கு அந்தப் பெருக்கல் எண் 15,300. குழாய்நீரில் இருக்கும் குளோரீனால் அதைக் கொல்லவே முடியாது. 1993இல் அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் சுமார் 403,000 பேர் வயிற்றோட்டத்தால் வருந்தினார்கள். தண்ணீரில் குளோரீன் இருந்தது. தவறியது மணல் வடிகட்டல். உன்னிச்சை நீரைச் சுத்திகரிக்கும் வவுணதீவிலும் சரி, அம்பாறையில் கொண்டவட்டவானிலும் சரி, படிகாரம் போன்ற பொருளால் கலங்கலைத் திரளச் செய்து, படியவிட்டு, மணலில் வடிப்பதுதான் முதல் காவல். குளோரீன் கடைசிக் காவல். மாரியில் குளத்துக்குள் வெள்ளம் இறங்கிக் கலங்கல் ஏறும் நாட்களில், "குளோரீனைக் கூட்டினார்களா" என்று கேட்பதைவிட "வடித்த நீரின் கலங்கல் எத்தனை" என்று கேட்பதே சரியான கேள்வி. அலகு என்.ரி.யூ. ஒன்றுக்குக் கீழே இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். ஐந்தைத் தாண்டினால் துகள்களுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும்.

இப்போது வழுவழுப்புக்கு வருவோம். முக்கியமான விஷயம் இதுதான். குழாய்த் தொகுதியில் உள்ள பற்றீரியாக்களில் பெரும்பங்கு, சுமார் 95 வீதம் என்று சொல்வார்கள், தண்ணீரில் மிதப்பதில்லை. சுவரில் ஒட்டிப் பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. குளோரீன் அந்தப் பசையோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகிறது. நடுவில் ஓடும் நீரில் அரை மில்லிகிராம் இருக்கும்போது, படலத்தின் அடியில் அதில் சிறு பங்குதான் இருக்கும். ஒட்டி வாழும் பற்றீரியாக்கள் மிதப்பவற்றைவிட நூறு மடங்கு, சில பரப்புகளில் ஆயிரம் மடங்குக்கு மேல் குளோரீனைத் தாங்குகின்றன. இது எந்தக் கிருமியின் பரம்பரைக் குணமும் அல்ல. நீரில் வாழும் சூடோமோனாஸ் என்ற சாதாரண பற்றீரியா கூட அந்தப் படலத்துக்குள் இருந்தால் வீரன்தான். கலைத்துத் தனியாக மிதக்கவிட்டால் சில நிமிடங்களில் சாகும்.

இதனால்தான் தேய்க்காமல் குளோரீன் ஊற்றுவது உதவாது. 2009இல் அமெரிக்காவில் ஒன்பது நகரங்களில் குளியல் ஷவர்களின் உட்புறத்தை ஆராய்ந்தார்கள். வருகிற நீரில் இருந்ததைவிட ஷவருக்குள் மைக்கோபக்டீரியம் ஏவியம் நூறு மடங்குக்கு மேல் செறிந்திருந்த இடங்கள் இருந்தன. அதில் ஒரு ஷவரை பிளீச் கொண்டு கழுவிச் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தபோது, அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மைக்கோபக்டீரியம் மூன்று மடங்காகக் கூடியிருந்தது. பலவீனமானவை போயின, பலமானது வயலைப் பிடித்துக்கொண்டது.

அப்படியானால் சபை குளோரீனைக் கூட்டினால் என்ன? மூன்று தடைகள் உண்டு. முதலாவது, குளத்து நீரில் இலைதழையும் பாசியும் கரைந்து வரும் சேதனப் பொருள் உண்டு. கூடுதல் குளோரீன் அதோடு சேர்ந்து ட்ரைஹலோமீத்தேன் என்ற விரும்பத்தகாத சேர்மங்களை உண்டாக்கும். இரண்டாவது, மணம் கூடினால் மக்கள் குழாய்நீரை விட்டுவிட்டு, மலகூடக் குழிக்குப் பக்கத்தில் உள்ள கிணற்றுக்குத் திரும்பிப் போவார்கள். அது பல மடங்கு ஆபத்து. மூன்றாவது, நமது நீரின் பி.எச்., அதாவது அமிலமா காரமா என்று காட்டும் எண், ஏறும் நேரத்தில் போடுவதில் பெரும்பகுதி வேலை செய்யாது. நீரில் குளோரீன் இரண்டு வடிவமாகப் பிரிகிறது. ஹைப்போகுளோரஸ் அமிலம் என்ற வடிவமே கொல்வது. மற்றது மிக மந்தம். பி.எச். 7இல் முக்கால் பங்கு வேலை செய்யும் வடிவம். 8இல் கால் பங்குதான். 8.5இல் பத்தில் ஒன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் குளம் இறங்கிப் பாசி கூடினால், பகலில் குளத்து நீரின் பி.எச். ஏறுவது இயல்பு. வெயிலுக்கு மூடியில்லாமல் விட்ட வீட்டுத் தாங்கியில் பச்சை பிடித்தாலும் அதேதான் நடக்கும். நீரின் சூடும் சேர்ந்துகொள்கிறது. 30 பாகையைத் தாண்டிய நீரில் குளோரீன் வேகமாகத் தீர்கிறது, லெஜியனெல்லாவுக்கோ 25 முதல் 45 பாகை வரை வளர ஏற்ற சூடு.

மணத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். மூக்கில் ஏறும் நீச்சல்தடாக மணம், பெரும்பாலும் குளோரீன் அமோனியாவோடு சேர்ந்து வந்த மணம். அது உள்ள நீரில் கொல்லக்கூடிய குளோரீன் குறைவாகவே இருக்கலாம். அளக்கத்தான் வேண்டும். டி.பி.டி. மாத்திரையோடு நிறம் ஒப்பிட்டுப் பார்க்கும் சிறு பெட்டி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் இருக்கும். கடையிலும் வாங்கலாம். முதலாம் இலக்க மாத்திரை போட்டு, கரைந்தவுடன் ஒரு நிமிடத்துக்குள் இளஞ்சிவப்பைப் பாருங்கள். தாமதித்தால் நிறம் ஏறிப் பொய் சொல்லும். மஞ்சள் நிறம் தரும் பழைய திரவம் கிடைத்தால் அதை நம்ப வேண்டாம்.

ஒரு நாள் காலையில் எவரும் குழாய் திறக்க முன் நான்கு இடங்களில் அளந்து எழுதுங்கள். சபையின் மீற்றருக்குப் பக்கத்துக் குழாய், இரண்டு நிமிடம் ஓடவிட்டு. மேல்தாங்கியின் உள்ளே, நேரடியாகக் கோப்பையால் எடுத்து. குசினிக் குழாயின் முதல் தண்ணீர். அதே குழாய், இரண்டு நிமிடம் ஓடிய பிறகு. மீற்றரில் 0.2 முதல் 0.5 வரை வந்தால் சபையின் கை சுத்தம். அங்கேயே ஒன்றும் இல்லையென்றால், அன்று மட்டும் அல்ல, மூன்று வெவ்வேறு நாள் அளந்து, நாளும் நேரமும் குறித்து முறைப்பாடு எழுதுங்கள். தெருக் குழாயின் கடைசி முனையில் உள்ள வீடு என்றால் அதையும் எழுதுங்கள். முனையில் நீர் நின்றுபோகும், அதைத் திறந்து கழுவிவிடுவது அவர்களின் வேலை. மீற்றரில் 0.4 இருந்து தாங்கியில் பூச்சியமென்றால் குற்றம் தாங்கியில். தாங்கியில் இருந்து, குசினி முதல் தண்ணீரில் இல்லாமல், ஓடவிட்ட பின் திரும்பி வந்தால், இரவு முழுக்கக் குழாயில் நின்றதுதான் காரணம். காலையில் முதல் வாளியைச் செடிக்கு ஊற்றினால் தீர்ந்தது.

மட்டக்களப்புப் பக்கம் தாங்கியில் பூச்சியம் வருவதற்கு இரண்டு காரணங்களைச் சந்தேகிக்கலாம். ஒன்று தாங்கி பெரிது, ஆள் குறைவு. ஆளுக்கு நாளுக்கு 120 லீற்றர் என்று எடுத்தால் ஐந்து பேர் வீட்டில் 1000 லீற்றர் தாங்கி இரண்டு நாளுக்குள் மாறிவிடும். அதே வீட்டில் பிள்ளைகள் வெளிநாடு போய் இரண்டு பேர் மட்டும் இருந்து, 2000 லீற்றர் தாங்கி வைத்திருந்தால், அந்த நீர் எட்டு நாளுக்கு மேல் நிற்கிறது. கறுப்புத் தாங்கி, மேலே நேர் வெயில். அப்படியான வீட்டில் மிதவையைத் தாழ்த்திக் கட்டிக் கால்வாசிக்கு மட்டும் நிரப்புங்கள். ஒரு சதமும் செலவில்லை. மேலே ஒரு தகரக் கூரை போட்டால் இன்னும் நல்லது, ஆனால் தாங்கிக்கும் தகரத்துக்கும் இடையில் காற்றுப் போக இடம் விட வேண்டும்.

மற்றது கிணற்று நீரையும் குழாய்நீரையும் ஒரே தாங்கியில் விடுவது. சபைத் தண்ணீர் குறைவாக வரும் நாளில் மோட்டரைப் போட்டுக் கிணற்று நீரை ஏற்றுகிறோம், இரண்டும் தண்ணீர்தானே என்று. மணற்பாங்கான நிலத்தில், மலகூடக் குழிகள் நெருங்கிய வளவுகளில், ஆழமில்லாத கிணற்று நீரில் இரும்பும் அமோனியாவும் இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு மில்லிகிராம் கரைந்த இரும்பு 0.6 மில்லிகிராமுக்கு மேல் குளோரீனை விழுங்கும். அமோனியா நைதரசன் ஒரு மில்லிகிராமைத் தாண்டிக் குளோரீன் மீதியாக நிற்க வேண்டுமென்றால் எட்டு முதல் பத்து மில்லிகிராம் வேண்டும். லீற்றருக்கு 0.1 மில்லிகிராம் அமோனியா நைதரசன் உள்ள கிணற்று நீர் சேர்ந்தாலே, சபை அனுப்பிய 0.3 முழுதும் குளோரமீனாக மாறிவிடும். குளோரமீன் நல்லதொரு காவல்காரன்தான், ஆனால் கொல்வதில் மிக மெதுவானவன். இரும்பு வேறு தாங்கியின் அடியில் செம்படிவாகப் படிந்து வழுவழுப்புக்கு மெத்தை போடும். இரண்டையும் பிரியுங்கள். கிணற்று நீர் கழிப்பறைக்கும் செடிக்கும் தனிச் சிறு தாங்கியில். குழாய்நீர் குசினிக்கும் குளியலுக்கும். தடுப்பு வால்வு இல்லாமல் இரண்டு குழாயையும் இணைத்திருந்தால் இன்றே கழற்றுங்கள். தெருவில் அழுத்தம் விழும் நேரத்தில் உங்கள் மோட்டர் கிணற்று நீரை அயல் வீடுகளின் குழாய்க்குள் தள்ளும். சபைக் குழாயில் நேரடியாக மோட்டர் பூட்டி இழுப்பதும் அதே பாவம்தான். குழாய்க்குள் உறிஞ்சல் உண்டாகி, நிலத்தடியில் வெடித்த மூட்டுகளால் அழுக்கு நீர் உள்ளே வரும்.

தாங்கி கழுவும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், கழுவினோம் என்று சொல்லும் பல வீடுகளில் பாதி வேலைதான் நடந்திருக்கும். 1000 லீற்றர் கணக்கில் சொல்கிறேன், உங்கள் அளவுக்குக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாளே வரும் நீரை மூடி, ஒரு சாண் மிஞ்சும் வரை பாவித்து முடியுங்கள். வீட்டுக்குள் இறங்கும் குழாயின் வால்வை இறுக்கிப் பூட்டுங்கள். பூட்டாமல் தேய்த்தால் கிளம்பும் வழுவழுப்பு முழுவதும் வீட்டுக் குழாய்க்குள் போய்ப் புது இடத்தில் குடியேறும். நைலோன் தூரிகையால் சுவர், அடி, மூடியின் உட்புறம், மிதவைப் பந்து, நீர் வரும் குழாயின் வாய், எல்லாவற்றிலும் முக்கியமாக நீர்மட்டம் ஏறி இறங்கும் அந்த வளையக் கோட்டைத் தேயுங்கள். கம்பித் தூரிகை, மணல், சாம்பல் எதுவும் வேண்டாம். பிளாஸ்ரிக்கில் விழும் கீறல் ஒவ்வொன்றும் பற்றீரியாவுக்கு அறை. அழுக்கு நீரை அடி வால்வால் அல்லது வாளியால் வெளியே எடுத்து, சுத்த நீரால் இரண்டு தரம் அலசுங்கள். விரல் வைத்தால் கண்ணாடிக் கோப்பையைத் தேய்த்தது போலச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் திரும்பத் தேயுங்கள்.

இதற்குப் பிறகுதான் குளோரீன். லீற்றருக்கு 50 மில்லிகிராம் வர வேண்டும். ஆயிரம் லீற்றருக்கு 50 கிராம் குளோரீன். நம் கையில் கிடைக்கும் குளோரீன் தூளில் 30 வீதம் என்று எடுத்தால் 167 கிராம் தூள். ஐந்து வீதத் திரவமென்றால் ஒரு லீற்றர். தூளைத் தாங்கிக்குள் நேரே கொட்டக்கூடாது. பிளாஸ்ரிக் வாளியில் பத்து லீற்றர் நீர் எடுத்து, தூளை நீருக்குள் சிறிது சிறிதாகப் போட்டுக் கலக்கி, அரை மணித்தியாலம் அடையவிட்டு, மேல் தெளிவை மட்டும் எடுங்கள். அடியில் நிற்கும் வெள்ளைச் சுண்ணாம்பு குழாயை அடைக்கும். தாங்கியில் கால்வாசி நீர் நிரம்பியதும் தெளிவை ஊற்றி, பிறகு முழுக்க நிரப்பினால் தானாகக் கலந்துவிடும். வீட்டு வால்வைத் திறந்து, ஒவ்வொரு குழாயையும், ஷவரையும், குளோரீன் மணம் வரும்வரை ஓடவிட்டுப் பூட்டுங்கள். பில்டர் இருந்தால் அதன் வழியை முன்பே மூடிவிடுங்கள். 24 மணித்தியாலம் விட வேண்டும். அந்த நாளுக்குக் குடிக்கவும் சமைக்கவும் முன்னமே குடத்தில் எடுத்து வையுங்கள்.

மறுநாள் அந்த நீரை வாவிக்கோ, தெருக் கானுக்கோ, மலகூடக் குழிக்கோ விடாதீர்கள். மீனையும், குழியில் வேலை செய்யும் நல்ல பற்றீரியாவையும் கொல்லும். கிணற்றிலிருந்து தள்ளி வெறும் மணலில் மெதுவாக விடுங்கள். இடமில்லாவிட்டால் மூடியைத் திறந்து இரண்டு நாள் வெயிலில் வைத்தால் குளோரீன் பெரும்பாலும் போய்விடும். திரும்ப நிரப்பி அளந்து, ஒரு மில்லிகிராமுக்குக் கீழே வந்த பின் பாவியுங்கள்.

பிழை நேரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். கடற்கரைக் காற்றில் திறந்து வைத்த குளோரீன் தூள் மாதக்கணக்கில் வீரியம் இழக்கும். கட்டி பட்டு மணமில்லாமல் போன தூளால் வேலை இல்லை. வாசனை சேர்த்த பிளீச் திரவம் தாங்கிக்கு ஆகாது. கழிப்பறை கழுவும் அமிலத்தோடு குளோரீனைச் சேர்த்தால் நச்சுவாயு கிளம்பும். மூடிய தாங்கிக்குள் அது ஆளைக் கொல்லும். உள்ளே இறங்குபவர் தனியாக இறங்கக்கூடாது, மேலே ஒருவர் நிற்க வேண்டும். செப்டெம்பரில் கச்சான் ஓயும்போது ஒரு தரம், பெப்ரவரியில் மாரி முடிந்த பின் ஒரு தரம் கழுவினால் போதும். வெள்ளம் வீட்டுக்குள் வந்த வருடம், நீர் வடிந்த கையோடு இன்னொரு தரம்.

பில்டர் பற்றிக் கேட்டீர்கள். கரி உள்ள பில்டர் மணத்தை எடுக்கும், ஏனென்றால் குளோரீனையே எடுத்துவிடும். அதற்கப்பால் கரியின் நுண்துளைகள் பற்றீரியாவுக்கு இருப்பிடம். மாற்றாமல் ஒரு வருடம் விட்ட கரிக் குழாயிலிருந்து வரும் நீரில், உள்ளே போன நீரைவிடப் பற்றீரியா கூடுதலாக இருப்பது சாதாரணம். வெள்ளைக் களிமண் மெழுகுதிரி வடிகட்டி துகளையும் பெரும்பாலான கிருமிகளையும் பிடிக்கும், ஆனால் வாரமொரு தரம் திரியைத் தேய்த்துக் கழுவி, கீழ்ப் பாத்திரத்தைக் கொதிநீரால் அலச வேண்டும். வெடிப்பு விழுந்த திரி வெறும் அலங்காரம். புற ஊதாக் கதிர் விளக்கு தெளிந்த நீரில் நன்றாக வேலை செய்யும். கலங்கலில் செய்யாது. விளக்குக்குப் பிறகு நீரைக் காக்க ஒன்றும் இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் கிருமியைத் தடுத்தாலும், அதற்குப் பின்னுள்ள சிறு தாங்கியில் குளோரீன் இல்லாத நீர் நின்று வழுவழுப்புப் பிடிக்கும். உப்புக் கிணறு உள்ளவருக்கு ஆர்.ஓ. தேவைப்படலாம். உன்னிச்சைத் தண்ணீருக்கு அந்தப் பணம் வீண் என்பதே என் முடிவு.

குடிக்கும் நீருக்குக் கேத்தல் போதும். கொப்பளித்து ஒரு நிமிடம் கொதித்தால் மைக்கோபக்டீரியமும் லெஜியனெல்லாவும் கிரிப்டோஸ்போரிடியமும் மூன்றும் சாகும். குளோரீனோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டும் கிருமி 70 பாகையில் விநாடிகளில் விழுந்துவிடும். கொதித்த நீரைக் கழுவாத போத்தலுக்கு மாற்றுவதில்தான் வீடுகள் தவறுகின்றன. அதே பாத்திரத்தில் மூடி ஆறவிட்டு, அன்றைக்கே முடியுங்கள்.

ஆய்வுகூடப் பரிசோதனை செய்விக்க நினைத்தால், அறிக்கையில் 100 மில்லிலீற்றரில் ஈ.கோலை பூச்சியம் என்று வந்தால் வயிற்றுக் கிருமிகள் பற்றி நிம்மதி. இந்த மற்றக் கூட்டத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. வழுவழுப்பின் அளவை அறிய, பொதுவான பற்றீரியா எண்ணிக்கையையும் கேளுங்கள். மில்லிலீற்றருக்கு 500ஐத் தாண்டினால் தாங்கியைக் கழுவும் நேரம் வந்துவிட்டது. போத்தலை ஆய்வுகூடமே தர வேண்டும், அதற்குள் குளோரீனை முறிக்கும் தயோசல்பேற்று இருக்கும், கழுவி ஊற்றிவிடாதீர்கள். அது இல்லாத போத்தலில் எடுத்தால், வழியிலேயே குளோரீன் கிருமியைக் கொன்று, சுத்தம் என்று பொய் அறிக்கை வரும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே சேர்க்க வேண்டும்.

காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து வாசிப்பவர்களுக்கு ஒன்று. பள்ளிவாசல் ஹவுளில், அதாவது தொழுகைக்கு முன் கழுவும் நீர்த் தொட்டியில், நீர் வெயிலில் சூடாகி நிற்கும். வுழூ என்ற அந்தக் கழுவலைச் செய்யும்போது மூக்குக்குள் நீர் போகும். நேக்லேரியா என்ற அமீபா சூடான நீரில் வளர்வது, குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கால் ஏறினால் மூளைக்குப் போகும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது அதைவிட அரிது. கராச்சியில் நீச்சலடிக்காதவர்களுக்கும் வந்திருக்கிறது. நல்ல வேளையாக இது குளோரீனுக்கு அடங்கும். ஹவுளில் எப்போதும் 0.5 மில்லிகிராம் நிற்க வேண்டும். 10,000 லீற்றர் ஹவுளுக்கு ஐந்து வீதத் திரவம் 100 மில்லிலீற்றர் ஊற்றினால் 0.5 ஏறும். வெயிலில் அது சில மணித்தியாலத்தில் குறையும், ஆகவே பின்னேர அஸர் தொழுகைக்கு முன் ஒரு தரம் அளந்து பாருங்கள். சுவரை வாரமொரு தரம் தேயுங்கள். ஓடும் குழாயில் வுழூ செய்ய வசதி இருந்தால் அதுவே மேல்.

பாசிக்குடா, அறுகம்பை விடுதிக்காரர்களுக்கும் ஒரு வரி: மாரியில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறையை, ஆள் தங்கும் முன், ஷவர் தலையைக் கழற்றித் தேய்த்து, சுடுநீர், குளிர்நீர் இரண்டையும் ஐந்து நிமிடம் ஓடவிடுங்கள், ஓடும்போது அறைக்குள் நிற்காதீர்கள். சுடுநீர்த் தாங்கி 60 பாகையில் இருக்க வேண்டும், 45இல் வைத்தால் அது லெஜியனெல்லாப் பண்ணை.

அம்மாவைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், காரணம் அவருக்கு ஆபத்து குடிக்கும் நீரில் அல்ல. மைக்கோபக்டீரியமும் லெஜியனெல்லாவும் சுவாசப்பையைப் பிடிப்பது நுண்துளிகளை மூச்சில் இழுப்பதால். ஏற்கெனவே பழுதுபட்ட சுவாசப்பை அவற்றுக்கு இலகுவான இடம். ஆகவே அவர் ஷவரில் குளிக்க வேண்டாம், வாளியில் அள்ளிக் குளிக்கட்டும். நெபுலைசர்க் கோப்பைக்குள் குழாய்நீர் ஒரு துளியும் போகக்கூடாது, டொக்டர் தந்த சேலைன் மட்டும். ஒவ்வொரு தரமும் பிடித்த பின் கோப்பையையும் வாய்ப்பகுதியையும் சவர்க்கார நீரால் கழுவி, கொதித்து ஆறிய நீரால் அலசி, சுத்தமான துணியில் கவிழ்த்து முற்றாகக் காயவிடுங்கள். நாளுக்கு ஒரு தரம், அந்தப் பாகம் கொதியைத் தாங்கும் என்று பெட்டியில் இருந்தால், ஐந்து நிமிடம் கொதிக்க வையுங்கள். தாங்காதென்றால் 70 வீத அல்கஹோலில் ஐந்து நிமிடம் முக்கி, கொதித்து ஆறிய நீரால் அலசலாம். வினாகிரி போதாது. ஒட்சிசன் இயந்திரம் வைத்திருந்தால் அதன் நீர்ப் போத்தலுக்கும் கொதித்து ஆறிய நீர் அல்லது காய்ச்சி வடித்த நீர், நாளாந்தம் மாற்ற வேண்டும்.

இருமல் வாரக்கணக்கில் தொடர்ந்து, மெலிந்து, மாலையில் காய்ச்சல் வந்தால் மார்பு நோய் கிளினிக்குக் கூட்டிப் போங்கள். சளியை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் இந்த மைக்கோபக்டீரியமும் காசநோய்க் கிருமியும் ஒரே மாதிரித் தெரியும். அந்தப் பரிசோதனையில் இருக்கிறது என்றும், ஜீன் எக்ஸ்பேர்ட் பரிசோதனையில் காசநோய் இல்லை என்றும் வந்தால், சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காசநோய் மருந்துகளில் சிலதுதான் இதற்கு வேலை செய்யும், இதற்கு மருந்துச் சேர்க்கை வேறு.